ஒரு சாண் தூரம்

குழிக்கு ஒரு சாண் தூரத்தில் பந்து நின்றுவிட்டால் முதலாளி நல்லசிவம், “எடுத்துக்கப்பா” என்று சொல்லிவிடுவார். கடைசி அடியை அடிக்காமலே பந்து குழியில் விழுந்ததாகக் கணக்கு; கோல்ஃபில் அது ஒரு மரியாதை. பதினோரு வருடமாக அவரோடு ஆடும் மேனேஜர் தேவசகாயம் அந்தக் கடைசி அடியை அடித்ததே இல்லை. இன்றும் பந்து அங்கேதான் நின்றது. எடுக்கக் குனிந்தார்.

“அடிங்க,” என்றார் நல்லசிவம்.

அந்த ‘ங்க’ புதிது. சிரிப்பார் என்று தேவசகாயம் காத்திருந்தார், சிரிக்கவில்லை. நிமிர்ந்து மட்டையைப் பிடித்து அடித்தார். பந்து விளிம்பைச் சுற்றிவந்து உள்ளே விழுந்தது. நல்லசிவமே குனிந்து அதை எடுத்து, கைக்குட்டையால் நிதானமாகத் துடைத்து, கணக்கு முடித்துக் கொடுப்பதுபோல அவர் கையில் வைத்தார்.

“உங்க பொண்ணு படிப்பு முடிக்க இன்னும் எத்தனை வருஷம் இருக்கு?”

“ரெண்டு வருஷம், ஐயா.”

நல்லசிவம் தலையசைத்துவிட்டு, அடுத்த குழியை நோக்கித் தனியாக நடந்தார்.