சுகந்தியின் ரிப்போர்ட்

பிரிண்டர் மறுபடியும் கிறுக்கியது.

கேள்விக்குறிகள். பாதி எழுத்துகள். எந்த மொழியிலும் இல்லாத ஒரு வரி.

அவன் தாளைக் கிழித்து மேசைக்கு அடியில் போட்டான். அங்கே ஏற்கெனவே சில கிடந்தன.

கடைசி ஆளுக்கு ரத்தம் எடுத்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே அவள் உள்ளே வந்தாள்.

லேபின் பழைய கம்ப்யூட்டர் நேற்றுப் போய்விட்டது. புதியதைக் காலையில் அவன் கொண்டுவந்து பொருத்தினான். பரிசோதனை முடிவுகள் அதில் வந்து சேரத் தொடங்கிவிட்டன. பிரிண்டரோடு பேசவைப்பதுதான் பாக்கி.

ஐந்து நிமிட வேலை. ஊரில் இருக்கும் எல்லா லேபிலும் அவன்தான் செய்து கொடுக்கிறான். இந்த லேபில் வேலை பார்ப்பவள் அவன் மனைவி, அவ்வளவுதான் வித்தியாசம்.

வாசல் மேசையிலிருந்து ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார், அக்காவைப் பாத்ததும் கை ஓடலையா? கல்யாணமாகி இத்தன வருஷமாச்சு, இன்னும் வழியுறீங்க."

அவன் சிரித்தான். சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது.

ஜெசிந்தா டிபன் பையை எடுத்துக்கொண்டு மாடிக்குச் சாப்பிடப் போனாள்.

மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இருவரும் காத்திருந்தது ஒரு ரிப்போர்ட்டுக்கு. கரு வைத்த பிறகு பார்க்கும் ரத்தப் பரிசோதனை. தங்கியிருக்கிறதா, இல்லையா.

நாலாவது முறை.

முதல் மூன்றும் அவள் பெயரிலேயே வந்தன. லேப் முழுக்கத் தெரிந்துபோனது. ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். டாக்டர் பாதி நாள் லீவு கொடுத்தார். அந்தப் பாதி நாளை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

இந்த முறை தன் ரத்தத்தைத் தானே எடுத்துக்கொண்டாள். குழாயில் சுகந்தி என்று எழுதி ஒட்டினாள். அப்படி ஒருத்தி கிடையாது. அவனுக்கு மட்டும் தெரியும்.

திரையில் பார்ப்பதில்லை என்று பேசிவைத்திருந்தார்கள். தாளில் வரட்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அவளுக்குப் பயமில்லை. ஆசையும் இல்லை. பல் பிடுங்கி வந்த பிறகு உதடு இருப்பதுபோல உடம்பு முழுக்க இருந்தது. தொட்டால் தெரிந்தது. தன்னுடையது என்று தெரியவில்லை.

அவன் வேகத்தை மாற்றினான். ஆயிரத்து இருநூறு.

கம்ப்யூட்டர் அனுப்பும் வேகமும் பிரிண்டர் வாங்கும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் கிறுக்கல்தான் வரும். இதே அறையில், கல்யாணப் பேச்சுக்கெல்லாம் வெகு முன்னால், அதை அவளுக்குச் சொன்னவன் அவன்தான். வேலை முடிந்த பிறகும் கிளம்பாமல் ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்தப் பிரிண்டருக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் சொல்வாள்.

ஆயிரத்து இருநூறு என்ன தருமோ அதைத் தந்தது. கேள்விக்குறிகள்.

அவள் திரையைப் பார்த்தாள். வெறும் பெயர்ப் பட்டியல். படிக்காத ரிப்போர்ட் தடித்த எழுத்தில் நிற்கும். பிரிண்டருக்கு அனுப்பினால் ஒன்றும் மாறாது. யாராவது திறந்து படித்தால்தான் எழுத்து மெலியும்.

எல்லாப் பெயரும் தடித்திருந்தன.

சுகந்தி மட்டும் மெலிந்திருந்தாள்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அவன் மேலுதட்டில் வியர்வை.

அவனுக்கு மறைக்க வராது. அவள் பிறந்தநாளுக்குப் புடவை எடுத்து வண்டிப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தால்கூட, செருப்பைக் கழற்றும்போதே முகம் சொல்லிவிடும்.

அவன் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முன்னாடி எவ்வளவு வெச்சிருந்தோம்? உனக்கு ஞாபகம் இருக்கா?"

மாடியில் ஜெசிந்தா யாரிடமோ போனில் பேசிச் சிரிப்பது கேட்டது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம். பிறகு அதுவும் நின்றது.

"நாலாயிரத்து எண்ணூறு," என்றாள்.

அவன் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன.

பிறகு அதையே போட்டான்.