குழாயை மூடியவர்

"ஐயா, கழட்டாதீங்க ஐயா! எங்களுக்கு இருக்கிறதே இந்த ஒரு குழாய்தான்!"

குணவதி குடத்தைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள்.

கதிர்காமநாதன் திரும்பிப் பார்க்கவில்லை. குடையைப் பிடித்தபடி நின்றார். நகரசபை ஃபிட்டர் இஸ்மாயில் தெருக்குழாயைக் கழற்றி, அடைப்பான் வைத்து முறுக்கி, மேலே மண்ணைத் தள்ளி மூடினான்.

டத்தோ கிராமாட் வட்டாரத்தில் அந்தச் சந்துக்குக் குழாயைக் கொண்டுவந்ததே கதிர்காமநாதன்தான். பத்தொன்பது வருஷமாக நகரசபை உறுப்பினர். கிணற்றுத் தண்ணீர் குடித்துக் காலராவில் பதினோரு பேர் செத்த வருஷம், வெள்ளைக்காரர்களோடு மல்லுக்கட்டி வாங்கிக் கொடுத்தார். சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் அவர் தயவு. குணவதியின் மகள் தனலெட்சுமி பிறந்ததுகூட அவர் கட்டவைத்த பிரசவ விடுதியில்தான்.

வெள்ளைக்காரன் ஓடினான், ஜப்பான்காரன் வந்தான். மற்ற உறுப்பினர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். இவர் மட்டும் நாற்காலியை விடவில்லை. அதுவே சந்துக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. இப்போது இது வேறு.

"எதுக்குய்யா மூடுறீங்க?"

"தண்ணி பழுதாப் போச்சு, பிள்ளை. குடிச்சால் காய்ச்சல், வருத்தம் வரும்."

"நேத்துக்கூட குடிச்சோமே. ஒண்ணும் ஆகலை லா!"

"இப்ப ஒண்டும் கேளாதேங்கோ."

குடையோடு நடந்துவிட்டார்.

பழைய கிணறு தூர்ந்து எத்தனையோ வருஷம்; அன்றிலிருந்து தண்ணீருக்கு அரை மைல் நடை. வழியில் ஜப்பான் சிப்பாய்களின் காவல் கொட்டகை. இடுப்பு வளையக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் தாண்ட வேண்டும்.

குணவதியின் புருஷனை சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப்போய் எட்டு மாதம். சேதி இல்லை. அவள் ஒருத்தியால் இரண்டு குடம் தூக்க முடியாது. பதினாறு வயது மகள் தனத்துக்கு முடியை ஒட்ட வெட்டி, முகத்தில் கரியைத் தேய்த்து, அப்பனின் சட்டையை மாட்டி, ஆம்பளைப் பிள்ளை மாதிரி கூட்டிப்போவாள்.

மூன்றாவது மாதம் ஒரு சிப்பாய் தனத்தின் மோவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். பயத்தில் அவளுக்கு இருமல் வந்தது. சீக்குக்காரப் பிள்ளை என்று நினைத்தானோ என்னவோ, கையை உதறிவிட்டுப் போனான்.

குணவதி குடத்தோடு நேராகக் கதிர்காமநாதன் வீட்டுக்குப் போனாள். அவர் வீட்டு முற்றத்துக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"உங்க வீட்டுக் குழாயிலே மட்டும் நல்ல தண்ணி வருதா ஐயா?"

அவர் குழாயடியிலிருந்து விலகி நின்றார். "இஞ்ச வந்து பிடிச்சுக்கொண்டு போ, பிள்ளை. எல்லாரையும் வரச்சொல்லு. அந்தக் குழாயை மட்டும் திறக்கேலாது."

"உங்க பிச்சை எங்களுக்கு வேணாம்!"

மறுநாள் அவள் அப்துல் ஹமீதைத் தேடிப்போனாள். போருக்கு முன்னால் ஜப்பான்காரன் போட்டோக் கடையில் வேலை பார்த்து, அவர்கள் பாஷை பழகியவர். இப்போது ராணுவ அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர்.

"அண்ணே, ஒரு மனு எழுதிக் குடுங்க. நல்ல தண்ணியைக் கெட்டுப்போச்சுன்னு பொய் சொல்லி மூடிட்டாருன்னு எழுதுங்க."

"பெரிய மனுசர் மேல புகாரு. நல்லா யோசிச்சியா?"

"என் மகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பெரிய மனுசரா பதில் சொல்லுவாரு?"

எழுதி, ராணுவ அலுவலகத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்.

இரண்டாம் நாள் காலை ராணுவ லாரி சந்து முனையில் வந்து நின்றது. ஜப்பான் அதிகாரி இறங்கினார். பின்னால் ஹமீது, இஸ்மாயில். இரண்டு சிப்பாய்களுக்கு நடுவில் கதிர்காமநாதன்.

மண்ணைத் தோண்டினார்கள். அடைப்பானை எடுத்ததும் தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீய்ச்சியது. கண்ணாடி மாதிரித் தண்ணீர்.

சந்தே ஆரவாரம் செய்தது. பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள்.

அதிகாரி ஒரு கை அள்ளிக் குடித்தார். வாயைத் துடைத்தார். பிறகு கதிர்காமநாதனின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். மூக்குக்கண்ணாடி சேற்றில் போய் விழுந்தது. இன்னொரு அறை. கிழவர் மண்டியிட்டு விழுந்தார்.

"வேணும் லா அவருக்கு," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

குணவதியும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் லாரியில் தூக்கிப் போடும்போது அவர் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. அவர் அவளைப் பார்க்கவும் இல்லை. பக்கத்தில் நின்ற தனத்தைத்தான் பார்த்தார்.

லாரி புறப்படவில்லை. அதிகாரி சந்துக்குப் பின்னால் இருந்த பெரிய திடலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தார். காலியாகக் கிடந்த பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே ஹமீதிடம் ஏதோ சொன்னார்.

"என்னண்ணே சொல்றாரு?" என்றாள் குழாயில் குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த குணவதி.

ஹமீது அவள் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பட்டாளம் தங்க மூணு மாசத்துக்கு முந்தியே இந்தத் திடலைத்தான் பார்த்து வச்சிருந்தாங்களாம். இங்க சொட்டுத் தண்ணி கிடையாதுன்னு நம்ம கதிர்காமநாதன் ஐயா எழுதிக் குடுத்ததாலதான் விட்டாங்களாம்."

குணவதியின் கையிலிருந்த குடம் நிரம்பி வழிந்தது.

"நாளைக்குச் சாயங்காலம் இருநூறு சிப்பாய்ங்க வர்றாங்க. இன்னிக்கே உன் மகளை எங்கேயாவது அனுப்பிடு, தங்கச்சி."