குப்பையைப் பெருக்குவோம்

பூங்கா வாசலில் கட்டியிருந்த தட்டியை நிமிர்ந்து பார்த்ததும் லூயிசா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

படம் அவள் வரைந்ததுதான். வேப்பமரம், அதன் அடியில் துடைப்பம் பிடித்த பெண்கள், ஒரு கல் பெஞ்சு. அதில் ஒரு குறையும் இல்லை.

படத்துக்குக் கீழே வகுப்புத் தோழி சீதா எழுதியிருந்ததுதான் மானத்தை வாங்கியது. 'குப்பையைப் பெருக்குவோம், வாரீர்.'

போதாக்குறைக்குப் பக்கத்துச் சுவரில் சர்க்காரின் யுத்தகால விளம்பரம், 'உணவைப் பெருக்குவோம்' என்று. இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர் என்ன நினைப்பார்? அங்கே நெல்லை வளர்க்கிறார்கள், இங்கே குப்பையை வளர்க்கிறார்கள் என்றுதான்.

சாந்தோம் கோயிலில் பூசை முடிந்த கையோடு லஸ் பூங்காவுக்கு ஓடி வந்தவளுக்கு அழுகை முட்டியது.

போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் பூங்காவைச் சுத்தம் செய்ய ஈ காக்கை கூட வரவில்லை. இன்றைக்கும் ஆள் சேராவிட்டால் பள்ளிக்கூடத்து வண்ணங்களை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். யுத்தத்தில் வண்ணப்பொடி கிடைப்பது குதிரைக்கொம்பு. பூட்டிவிட்டால் லூயிசா அப்புறம் அடுப்புக்கரியில்தான் வரைய வேண்டும்.

தமிழில் வகுப்புக்கே முதலாக வருகிறவள் சீதா. அவளா இப்படிக் கோட்டை விட்டாள்?

அந்தச் சீதாவோ ஒரு கட்டுத் துடைப்பங்களோடு, ஒன்றும் நடக்காதது போல வாசலில் நின்றிருந்தாள்.

முதலில் வந்து நின்றவர் மாணிக்கவாசகம், ஓய்வுபெற்ற தாசில்தார். தினமும் அந்த வழியாக நடப்பவர், போன வாரத் தட்டியை ஏறெடுத்தும் பார்க்காதவர். இன்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"ஏம்மா, பள்ளிக்கூடத்துல இதுதான் சொல்லிக் குடுக்கறாங்களா? குப்பை ஜாஸ்தியாகணும்னுல்ல எழுதி வெச்சிருக்கே?"

"தப்பாப் போயிடுத்து மாமா. இதைச் சித்தப் பிடிச்சுண்டிருங்கோ, பென்சில் எடுத்துண்டு வரேன். எப்படி எழுதணும்னு நீங்களே சொல்லுங்கோ." சீதா அவர் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

போனவள் திரும்பவில்லை.

தாசில்தாராக இருந்தவர் தெருவோரத்தில் துடைப்பத்தோடு எவ்வளவு நேரம்தான் சும்மா நிற்பார்? "இன்னா சார், வூட்ல தொரத்திட்டாங்களா?" என்று ஒரு ரிக்‌ஷாக்காரர் கேட்டுவிட்டுப் போகவும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. காலடியில் கிடந்த சருகைத் தள்ள ஆரம்பித்தார்.

அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மயிலாப்பூரில் அடுத்தவர் எழுத்தில் பிழை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? 'தோட்டத்தைப் பெருக்குவோம்' என்பதே சரி என்றார் ஒருவர். 'குப்பையை அகற்றுவோம்' என்றார் இன்னொருவர். ஜவுளிக்கடை இசக்கிமுத்து, தங்கள் திருநெல்வேலியில் பெருக்குவதைத் 'தூத்து' என்றுதான் சொல்வார்கள் என்று தன் பங்குக்குச் சேர்த்தார். வாயைத் திறந்தவர் கையில் எல்லாம் எங்கிருந்தோ ஒரு துடைப்பம் வந்து உட்கார்ந்தது.

வெயில் ஏறுவதற்குள் பூங்கா பளிச்சென்று ஆகிவிட்டது. வாதம்தான் முடியவில்லை. பேசிக்கொண்டே வீடுகளுக்குப் போனார்கள்.

வண்ணம் தப்பியது. ஆனாலும் லூயிசாவுக்கு உள்ளுக்குள் ஒரு வருத்தம். இவ்வளவு பேர் வந்தார்கள், ஒருவர்கூட அவள் படத்தைப் பார்க்கவில்லை.

அவள் தூரிகையை எடுத்துக்கொண்டு தட்டிக்கு அருகே போனாள். "இப்பவாவது அந்த எழுத்தைத் திருத்திடலாமா சீதா?"

"திருத்திக்கோ." சீதா மிச்சத் துடைப்பங்களை எண்ணாமல் கட்டினாள். "அடுத்த வாரத் தப்பு உன்னோடதுடி. வேப்பமரத்துல ஒரு மாங்காயைப் போடு."