கழித்த ஏழு வருடம்

சாயங்காலம் சரியாக ஆறு மணிக்குத் தமிழரசு முதல் டம்ளரைக் கையில் எடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்காகக் குடித்தார். முகம் கோணியது.

மனைவி கோகிலவாணி மறுபடி டம்ளரை நிரப்பினாள்.

"தொட்டுக்க ஏதாச்சும் குடு புள்ள. ஊறுகாயாவது."

"ஒன்னும் திங்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லீட்டாங்க. மூக்கப் புடிச்சுட்டுக் குடிங்க. இந்த ஜக்கு ஏழு மணிக்குள்ள காலியாகோணும்."

ஜக்கில் இருந்தது பேதி மருந்து. விடிந்ததும் சேலம் ஆஸ்பத்திரியில் அவர் குடலுக்குள் கேமரா வைத்த குழாயை விடப்போகிறார்கள். அதற்குள் குடல் கழுவிக் கவிழ்த்த அண்டா மாதிரி ஆகிவிட வேண்டும்.

தமிழரசுவின் அப்பாவைக் கொண்டுபோனது குடல் புற்றுநோய். அண்ணன் இளவழகனுக்கும் அதுவே வந்து, போன வருடம் பாதிக் குடலை எடுத்தார்கள். சோதித்துப் பார்த்ததில் தம்பிக்கும் அதே பரம்பரைக் கோளாறு இருந்தது. வருடா வருடம் குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர் சுகன்யா.

"எனக்கென்ன கேடு? கல்லத் தின்னாலும் செரிக்குது" என்று தமிழரசு நாமக்கல்லுக்குத் திரும்பிக் கோழிப்பண்ணைக்குள் புகுந்துகொண்டார். குழாயைக்கூடப் பொறுத்துக்கொள்வார், அது போகிற வழிதான் அவருக்குச் சங்கடம். கோகிலவாணி கெஞ்சினாள், பட்டினி கிடந்தாள், அண்ணனை விட்டுப் பேசச் சொன்னாள். மனிதர் அசையவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் ஏதோ ஆராய்ச்சி என்று ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். வெறும் ரத்தம்தானே என்று போனார்.

"நம்ம மரபணு இழைகளோட நுனியில டெலோமியர்னு ஒரு தொப்பி இருக்குது. வயசாக ஆக அது தேஞ்சு குட்டையாகும்" என்று டாக்டர் இருவருக்கும் விளக்கினார். "இந்தக் கோளாறு இருக்கறவங்களுக்கு அது வயசுக்கு மீறிக் குட்டையா இருந்தா, புற்று சீக்கிரமே வருமோன்னு பாக்கறோம்."

ஊசியோடு வந்த நர்ஸ் வயது என்ன என்று கேட்டாள். தமிழரசு தொண்டையைச் செருமினார். அதற்குள் கோகிலவாணி, "நாப்பத்திரண்டுங்க" என்றாள்.

முடிவு போன வாரம் வந்தது.

"நாப்பத்திரண்டு வயசுக்கு இது ரொம்பக் குட்டைங்க. கிட்டத்தட்ட அம்பது வயசுக்காரரோட அளவு" என்றார் டாக்டர். "இத மட்டும் வெச்சு உறுதியா எதுவும் சொல்ல முடியாது. ஆனா குழாய் விட்டுப் பாக்கறத இனியும் தள்ளிப் போடாதீங்க."

கோகிலவாணி அங்கேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கார் ராசிபுரத்தைத் தாண்டும்வரை அழுதாள்.

தமிழரசு காரை ஓட்டினார். அந்த அளவில் ஒரு குறையும் இல்லை என்று அவருக்குத் தெரியும். அவருக்கு வயது நாற்பத்தொன்பது.

பதினாலு வருடத்துக்கு முன், பெண் கிடைக்காமல் முப்பத்தைந்தைத் தொட்டிருந்தவருக்குத் தரகர் கைலாசம் ஏழு வருடத்தைக் கழித்துப் புதிதாக ஒரு ஜாதகம் எழுதிக்கொண்டு வந்தார். பெண்ணுக்கு இருபத்திரண்டு. பொருத்தமெல்லாம் கனகச்சிதமாகக் கூடி வந்தது. அன்றிலிருந்து பிறந்த தேதி போட்ட எதுவும் பீரோவை விட்டு வெளியே வந்ததில்லை. சாவி அவர் அரைஞாண் கயிற்றில் இருக்கிறது. பண்ணையில் எந்தக் கூண்டுக் கோழிக்கு எத்தனை வாரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தன் வயதை மட்டும் வாய் விட்டுச் சொன்னதில்லை.

உண்மையைச் சொன்னால் குழாயிலிருந்து தப்பிக்கலாம். அப்புறம் மாமனார் மாதேஸ்வரன் வாயிலிருந்து தப்பிக்க வழி வேண்டும். யோசித்துப் பார்த்ததில் குழாயே தேவலை என்று பட்டது.

"என்ன யோசன? இன்னும் அரை ஜக்கு இருக்குது" என்றாள் கோகிலவாணி.

தமிழரசு மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது டாக்டர் சுகன்யா கட்டில் அருகே நின்றிருந்தார்.

"இப்பவாச்சும் வந்தீங்களே. ரெண்டு எடத்துல சதை மொளச்சிருந்துச்சு, எடுத்தாச்சு. அதுல ஒன்னு பாக்கவே சரியில்ல. இன்னும் ஒரு வருசம் விட்டிருந்தா உங்க அண்ணன மாதிரி வயித்தக் கிழிச்சிருக்கணும். இனி வருசம் தப்பாம வந்துருங்க."

டாக்டர் போனதும் தமிழரசு கோகிலவாணியின் பக்கம் திரும்பினார். பொய் சொல்லி வாங்கிய ஆயுசு மாதிரி இருந்தது. பதினாலு வருடமாக வயிற்றில் கிடந்தது, குடல் காலியான நேரத்தில் வாய்க்கு வந்துவிட்டது.

"கோகிலா, ஒன்னு சொல்லோணும். கோவிச்சுக்காத."

"சொல்லுங்க."

"அந்த டெலோமியர் கணக்கு தப்பு புள்ள. எனக்கு நாப்பத்திரண்டு இல்ல. நாப்பத்தொம்போது. கைலாசம் பண்ணுன வேல. உங்கப்பங்கிட்ட மட்டும் சொல்லீராத."

கோகிலவாணி அவர் காலடியில் சுருண்டிருந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"தெரியுமுங்க. கண்ணாலம் முடிஞ்ச மூணாம் நாளே உங்க அண்ணி சொல்லீட்டாங்க."

தமிழரசு எழுந்து உட்காரப் பார்த்தார். அவள் தோளைத் தொட்டு மெல்லப் படுக்க வைத்தாள்.

"நர்சுகிட்ட நெச வயசச் சொல்லியிருந்தா, இந்தக் கட்டிலுக்கு வந்திருப்பீங்களாக்கும்?"