விட்டுப்போன சொல்

தொலைக்காட்சியில் நீதிபதி வாசிக்கத் தொடங்கியதும் மருமகள் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள்.

பலகையில் அவள் கணவனின் சட்டை பாதி தேய்த்தபடி கிடந்தது.

அவன் மீன்பிடிக் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நடுக்கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களை வேறொரு நாட்டு ரோந்துக் கப்பல் வளைத்துப் பிடித்தது. பத்தொன்பது பேர். பதினோரு மாதச் சிறை. கடைசியில் நம் அரசு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது.

மாமனார் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் அரசாங்கத்தில் கடிதம் எழுதியும் திருத்தியும் ஓய்ந்தவர். கை மட்டும் ஓயவில்லை. பால் பாக்கெட்டில் எழுத்துப்பிழை இருந்தாலும் பேனாவைத் தேடுவார். பெற்ற மகனின் கல்யாணப் பத்திரிகையையே மூன்று முறை திருப்பி அனுப்பியவர் என்று வீட்டில் கேலி.

"நம்ம பக்கந்தான் பேசறாங்க, இல்ல மாமா?"

"கேளும்மா."

பிடித்த இடம் பொதுக்கடல்தான் என்றார் நீதிபதி. மருமகள் கைப்பேசியை எடுத்து வைத்துக்கொண்டாள். அம்மாவுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஆனால், என்றார் நீதிபதி.

வழக்குப் போட்ட நாடு இந்த நீதிமன்றத்தை ஏற்றுக்கொண்ட நாளிலேயே, இன்னின்ன வழக்குகளை இது விசாரிக்கக் கூடாது என்று ஒரு விலக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. அதே விலக்கை எதிர்த்தரப்பும் காட்டலாம். மொழிபெயர்ப்பாளர் அதைப் படித்தார்:

"பொதுக்கடலில் மீன்பிடிப்பது தொடர்பான தகராறுகள் நீங்கலாக..."

"அனைத்துத் தகராறுகளும்," என்றார் மாமனார். "அனைத்துங்கறத விட்டுட்டாங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் பழக்கத்தில் ஓடியது. "அவை எழுந்த இடமும் காலமும் எதுவாயினும்."

"அவை எழுந்த இடமும் காலமும் எதுவாயினும்," என்று படித்தார் மொழிபெயர்ப்பாளர்.

மருமகள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

ஆகவே வழக்கை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரமில்லை என்றார் நீதிபதி. திரையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் எழுதிய அந்த வாக்கியத்துக்காக மேலதிகாரி கைகுலுக்கியிருந்தார். அன்று மாலை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டு, பெருமை தாங்காமல் சொன்னார்:

"இனிமே நம்ம கப்பல் விஷயத்துல எந்தக் கோர்ட்டும் தலையிட முடியாதுடா."