பத்துப் புள்ளிகள்

செலின் ஆசிரியர் அறைக்குள் நுழைந்து, வேதியியல் ஆசிரியர் தங்கையனின் மேஜையில் விடைத்தாளை அறைந்து வைத்தாள்.

“இதுக்கு எதுக்கு சார் முட்டை போட்டிய?”

ட்ரை அயோடைடு அயனியின் எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் காட்டும் லூயிஸ் படம். நடு அயோடினைச் சுற்றிப் பத்துப் புள்ளிகள்.

“எட்டுக்கு மேல வரப்பிடாதும்மா.”

“அயோடினுக்கு வரலாம்! எண்ணுங்க. மூணு அயோடினுக்கும் சேத்து இருபத்தொண்ணு, மைனசுக்கு ஒண்ணு. ஓரத்துல உள்ள ரெண்டுக்கும் எட்டெட்டு குடுத்தா, மிச்சம் ஆறு எங்க போவும்? நடுவுலதான? ரெண்டு பக்கமும் பங்கு போடுத நாலையும் சேத்தா பத்து.”

மற்ற ஆசிரியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தங்கையன் எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

“எனக்க தப்புதான். ரெண்டு மார்க் போட்டுத் தாறேன். பிள்ள எந்த கிளாஸ்?”

“பிள்ளைக்க பேப்பர் இல்ல சார். அவ நேத்து பாடம் படிக்கும்போதுதான் இது சரின்னே எனக்குத் தெரிஞ்சுது.”

செலின் தாளின் மூலையில் மங்கியிருந்த தேதியைத் தொட்டுக் காட்டினாள்.

“இருபது வருசத்துக்கு முன்ன, இந்த ரெண்டு மார்க்குலதான் பிளஸ் ஒன்னுல என்னைய பெயிலாக்கினிய. அடுத்த மாசமே கெட்டிக் குடுத்துட்டாவ.”