நான்காவது மகள்

போரில் வடக்கு மாவட்டம் பறிபோனது. நகராட்சிக் கூடத்துச் சுவரில் நாட்டைத் தாயாகவும், மாவட்டங்களை நான்கு மகள்களாகவும் வரைந்திருந்தார்கள். நான்காமவளை அழிக்க உத்தரவு வந்தது. பெயிண்டரம்மா அந்த மாவட்டத்தில்தான் பிறந்தவள். வேலை போய்விடுமே என்று வெள்ளையடித்தாள்.

மறுநாள் காலையில் அந்த நான்காவது மகள் சுவரில் திரும்பி வந்திருந்தாள். பாதமெல்லாம் சேறு.

“நீதானே திரும்ப வரைஞ்சே?” அதிகாரி எகிறினார்.

“நான் வரைஞ்சிருந்தா செருப்பு போட்டு விட்டிருப்பேனே சார். எவ்வளவு தூரம் நடந்திருக்கா, பாருங்க.”

மறுபடி வெள்ளையடித்தாள். மறுநாளும் மகள் சுவரில் இருந்தாள்; தாய் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

“அந்தக் கையையும் சேர்த்து அழி. இல்லேன்னா நாளைக்கு வராதே.”

பெயிண்டரம்மா பிரஷை அவர் கையில் திணித்தாள். “எங்க ஊரை நான் அழிச்சது போதும். இனி உங்க பாடு, அவங்க பாடு.”

அதிகாரி சுவர்ப் பக்கம் திரும்பினார். எப்போதும் வானத்தைப் பார்த்து நிற்கும் மற்ற மூன்று மகள்களும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.